நுன்சியாத்தோவைக் குத்தாத முள்

சிசிலியின் மலைச்சரிவில் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் வைத்திருந்த நுன்சியாத்தோவின் அகராதியில் முள் என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: அவர் பேச்சைக் கேட்காத ஆள். பங்குப் பாதிரியார் முள். தபால்காரன் முள். கையுறை போட்டுப் பழம் பறிக்கும் மைத்துனன் ஜெசுவால்தோ முழு முள்மரம். மனைவி அக்ரிப்பினா கல்யாணத்தன்று பூவாக இருந்தாளாம், மறுவாரமே முள்ளாகிவிட்டாளாம். தன்னைப் பற்றிக் கேட்டால் மட்டும், "நான் பட்டுய்யா, பட்டு!" என்பார்.

அறுபது வயதில் அந்தப் பட்டுக்கு ஓர் ஆசை பிறந்தது, கூட்டுறவுச் சங்கத்தின் அறுவடைத் தலைவராக வேண்டும் என்று. போட்டிக்கு நின்றவன் ஜெசுவால்தோ. விடுவாரா? வாக்கெடுப்பு நாளன்று பூசை முடிந்ததும் உறுப்பினர் பதினொரு பேரையும் தன் தோட்டத்துக்கே அழைத்து, ஆளுக்கொரு கோப்பை வைன் ஊற்றிக் கொடுத்து, கள்ளிப் புதருக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தார்.

பழத்தோலில் மயிரிழை முள்ளாக இருக்கும் சுணை பனி ஈரத்தில் படிந்திருக்கும்போதே பறித்து முடித்துவிடுவது ஊர் வழக்கம். வெயில் ஏறிக் காற்றும் கிளம்பிவிட்டால், போப்பாண்டவரே கேட்டாலும் எவரும் பழத்தைத் தொடமாட்டார்கள். அன்று இரண்டுமே ஆகிவிட்டிருந்தது. நுன்சியாத்தோவோ சட்டைக் கையை மடித்துக்கொண்டு பழம் பறிக்கப் போனார்.

"மச்சான், காத்து அடிக்குது. வேணாம்" என்றான் ஜெசுவால்தோ.

"கையுறை மாட்டுற மணப்பொண்ணே, நீ சும்மா இரு!"

காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, வெறுங்கையால் மளமளவென்று இருபது பழம் திருகிப் போட்டார். சும்மா சொல்லக்கூடாது, கை அப்படிப்பட்ட கை. பிறகு நிமிர்ந்து, இரு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார்.

"பாத்தீங்களா? ஒண்ணே ஒண்ணு குத்தியிருக்கா?"

சுணை அத்தனையும் காற்றோடு போய் உறுப்பினர்கள் மேல் இறங்கியிருந்தது. ஒருவர் கண்ணைக் கசக்கினார், இன்னொருவர் கழுத்தைப் பிறாண்டினார். செயலாளர் வைனைத் துப்பிவிட்டு நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு நின்றார்.

"என்னய்யா இது, ஊரே முள்ளா இருக்கீங்க! ஓட்டைப் போடுங்க!" என்று எரிந்து விழுந்தார் நுன்சியாத்தோ.

தோட்டத்தில் பாதி அக்ரிப்பினாவின் சீதனம் என்பதால் அவளுக்கும் ஓர் ஓட்டு உண்டு. புறங்கையிலிருந்து ஒரு சுணையைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவள் எழுந்தாள்.

"உனக்குக் குத்தாது, நுன்சியாத்தோ. பக்கத்துல நிக்கிறவங்களுக்குத்தான் குத்தும். முப்பத்தொரு வருஷமா நான் பக்கத்துலதான் நிக்கிறேன்."

தம்பி ஜெசுவால்தோவுக்காக அவள்தான் முதலில் கையைத் தூக்கினாள்.