இழுத்துப் பார்க்காத கிளை

சந்துக்குள் வந்து யாரைக் கேட்டாலும் லைட்டக்கா வீட்டைக் காட்டிவிடுவார்கள். அவர் பெயரைக் கேட்டால்தான் கொஞ்சம் யோசிப்பார்கள். மோட்டார் சைக்கிளுக்குள் ஓடுகிற வயர்களையெல்லாம் ஒன்றாகக் கட்டி, நுனிகளில் பித்தளை முனை மாட்டி, கறுப்பு டேப் சுற்றி, முழு செட்டாகச் செய்து கொடுப்பது அவர் தொழில். பழைய வண்டிகளுக்கு அந்த வயரிங் செட் கடையில் கிடைக்காது. செய்த கம்பெனியே மறந்துபோன வண்டிகள் அவை. மறக்காத மனிதர்கள் மட்டும் எங்கெங்கோ இருக்கிறார்கள். அவர்கள் எப்படியோ விசாரித்து அக்காவுக்குப் போன் போடுவார்கள்.

வீட்டின் முன்னறைதான் பட்டறை. சுவரோரமாக ஒரு நீளப் பலகை, அதில் வரிசையாக ஆணிகள். இந்தக் கோடியில் ஹெட்லைட், அந்தக் கோடியில் பின்விளக்கு, நடுவில் பேட்டரி. ஆணிக்கு ஆணி வயரை இழுத்துக்கொண்டு போனால், ஒரு முதுகெலும்பும் அதிலிருந்து பிரியும் கைகால்களுமாக செட் உருவாகும். கைகால்களை அக்கா கிளை என்பார்.

தொழிலை ஆரம்பித்தவர் அவர் வீட்டுக்காரர். ஒரு நாள் இருட்டுகிற நேரத்தில் சரக்கு எடுத்துக்கொண்டு திரும்பியவர், ஒரு வளைவில் வண்டியோடு பள்ளத்தில் கிடந்தார். வண்டி பாதி எரிந்திருந்தது. லைட் அணைந்து விழுந்தாரா, விழுந்ததால் லைட் அணைந்ததா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. எரிந்த வயரில் எதைப் பார்த்துச் சொல்வது? அந்த வண்டியின் செட்டும் அவர் கையாலேயே செய்ததுதான்.

பிறகு அக்கா பலகை முன்னால் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்து பார்த்த வேலைதான், கை தானாகப் பழகிவிட்டது. ஒரே ஒரு வழக்கத்தை மட்டும் அவர் புதிதாகக் கொண்டுவந்தார். டேப் சுற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு முனையையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து ஒரு இழு இழுத்துப் பார்ப்பார். பல்பு வைத்துப் பார்த்தால் போதாதா என்று கேட்பவர்களிடம், மேஜையில் எரிந்தால் போதுமா, ரோட்டில் எரிய வேண்டாமா என்பார். சரியாக அமுங்காத முனை மேஜையில் நல்ல பிள்ளையாக எரியும். குலுக்கலில்தான் தன் குணத்தைக் காட்டும். இழுத்துப் பார்த்த கிளையில் அடையாளத்துக்கு ஒரு வெள்ளை நூலை முடிந்துவிடுவார். நூல் இல்லாத கிளைக்கு டேப் சுற்றக் கூடாது. அது அந்த வீட்டுச் சட்டம்.

டேப் சுற்றுகிறவள் நாத்தனார். வீட்டுக்காரரின் தங்கை. அண்ணன் போன பிறகு அண்ணியைத் தனியாக விட மனமில்லாமல் இங்கேயே தங்கிவிட்டவள். வாய் ஓயாமல் பேசுவாள், கையும் அதே வேகத்தில் ஓடும். ஆனால் பொழுது சாய்ந்த பிறகு சந்து முனையில் ஒற்றை விளக்கோடு ஏதாவது வண்டி திரும்பினால் அந்த வாய் நின்றுவிடும். அக்காவின் கையும் நின்றுவிடும். வெளிச்சம் சுவரில் ஏறி, ஜன்னல் கம்பிகளின் நிழலை அறை முழுக்க ஒரு சுற்று சுற்றிவிட்டு, வாசலைத் தாண்டிப் போகும்வரை இருவரும் மூச்சுவிட மாட்டார்கள். போன பிறகு, விட்ட இடத்திலிருந்து பேச்சு தொடரும். அதைப் பற்றி ஒரு நாளும் அவர்கள் பேசிக்கொண்டதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் செட் கேட்டார். தையல் கடை வைத்திருந்து ஓய்ந்தவர். கல்யாணமான புதிதில் வாங்கிய வண்டியைத் தூசி தட்டி எடுத்திருக்கிறாராம். வயரை எலி தின்றுவிட்டது, மற்றதெல்லாம் தயார் என்றார். அந்த வண்டிக்கு வேண்டிய கனெக்டர்கள் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வர வேண்டியவை. கப்பல் வரவில்லை. எங்கேயோ புயல் என்றார்கள், பிறகு துறைமுகத்தில் இடமில்லை என்றார்கள். தையல்காரர் நாள் தவறாமல் போன் போட்டார். நலம் விசாரிப்பதற்கு முன்னாலேயே, எப்போ வரும் என்றுதான் ஆரம்பிப்பார். அதனால் நாத்தனார் அவருக்கு எப்போ சார் என்று பெயர் வைத்துவிட்டாள். மணி அடித்தால், "உங்க எப்போ சார் வந்துட்டாரு அண்ணி, காபி போடவா?" என்பாள்.

கனெக்டர் ஒரு வழியாக வந்து சேர்ந்த அன்றே பார்சல் வண்டியும் வருவதாக இருந்தது. அதை விட்டால் அந்தப் பக்கம் போகிற கப்பலையும் விட்டுவிட வேண்டியதுதான். அக்கா வாயில் தண்ணீர்கூட ஊற்றிக்கொள்ளாமல் உட்கார்ந்தார். முனைகளை அமுக்கி மாட்டினார். இழுத்துப் பார்க்க ஆரம்பித்தார். இண்டிகேட்டர், ஹாரன், பிரேக் லைட். அந்த நேரத்தில் போன் அடித்தது. எப்போ சார். அக்கா வாசலில் நின்று அவரைச் சமாதானப்படுத்திவிட்டு வந்தபோது எல்லாக் கிளைகளிலும் வெள்ளை நூல் இருந்தது. நாத்தனார் பெட்டிக்கு அட்டை வெட்டிக்கொண்டிருந்தாள். அக்கா தாமே மளமளவென்று டேப் சுற்றினார். பல்பு வைத்துப் பார்த்தார், எரிந்தது. பெட்டி வண்டியில் ஏறியது.

பிறகு பெட்டி நகரவில்லை. அந்தக் கரைத் துறைமுகத்தில் ஏதோ சோதனை என்று போனில் ஒரே செய்தி வந்துகொண்டிருந்தது. ரெண்டு நாளில் வந்துவிடும் சார் என்று அக்கா சொல்வார், வராது. மறுபடியும் அதையே சொல்வார். பார்சல்காரர்கள் அவரிடம் சொன்னதைத்தான் அவர் சொன்னார். ஆனால் கேட்கிறவருக்கு அது பொய் போலத்தான் இருந்திருக்கும். கடைசியாகப் பேசியபோது எப்போ சார், இனிமேல் எனக்குப் போன் பண்ணாதீங்க, வரும்போது வரட்டும் என்று வைத்துவிட்டார். அக்கா தினமும் காலையில் கண்ணை மூடிக் கும்பிடும்போது எல்லோருடைய நலனுக்கும் வேண்டிவிட்டு, ஆண்டவனே, அந்தப் பெட்டியைக் கொஞ்சம் நகர்த்திவிடு என்று கடைசியில் சேர்த்துக்கொள்வார்.

ஒரு மத்தியானம், வேறொரு செட் பலகையில் கிடந்தது. அக்கா கைகழுவிவிட்டு வந்தார். நாத்தனார் ஒரு கிளையில் வெள்ளை நூலைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் இன்னும் இழுக்கவே இல்லையேம்மா."

"தெரியும் அண்ணி. முன்னாடியே கட்டி வச்சா உங்களுக்கு ஒரு வேலை மிச்சம்தானே? நீங்க இழுத்துட்டே போகலாம்."

அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"எப்பருந்து இப்படிக் கட்டுற?"

"இதுக்கு முன்னாடி ஒரு தடவைதான். அன்னிக்கு வண்டி வந்துருமோன்னு நீங்க பறந்தீங்களே, எப்போ சார் செட்டுக்கு. ஏன், தப்பா?"

அவள் முகத்தைப் பார்த்தார் அக்கா. அண்ணன் முகம் அப்படியே. புருவத்தைத் தூக்கிக் கேட்கிற அதே கேள்வி. ஒன்றுமில்லை, இனிமேல் நானே கட்டிக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்து, அன்றைக்கு இழுத்த கிளைகளை எண்ணிப் பார்த்தார். இண்டிகேட்டர், ஹாரன், பிரேக் லைட். அதற்குப் பிறகு போன். ஹெட்லைட் கிளையை அவர் தொடவே இல்லை.

அல்லது தொட்டாரோ? சாதம் வடிக்கும்போதும், துணி மடிக்கும்போதும் அக்கா இரண்டு விரல்களையும் சேர்த்து வைத்து யோசித்தார். புத்தி மறந்தாலும் விரலுக்கு ஞாபகம் இருக்கும் என்று நம்பினார். விரல்கள் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் பார்சல் ஆபீசுக்குப் போய், அந்தப் பெட்டியைக் கொடுக்காமல் திருப்பிக்கொண்டுவர முடியுமா என்று கேட்டார். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் சிரித்தார். இத்தனை வருஷத்தில் சீக்கிரம் கொடுங்க என்று சண்டை போட வந்தவர்களைத்தான் பார்த்திருக்கிறேன், கொடுக்காதீங்க என்று வந்தது நீங்கள் ஒருத்தர்தான் என்றார். கடல் தாண்டிய சரக்கு அவர் கையில் இல்லையாம். அக்கா வெளியே வந்து வெயிலில் நின்றுகொண்டே எப்போ சாருக்குப் போன் போட்டார். ஒரே ஒரு சத்தம் வந்து நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து போட்டார். அதே ஒரு சத்தம். செய்தி எழுதி அனுப்பினார். அது போய்ச் சேர்ந்த அடையாளமே இல்லை. நாத்தனாரிடம் அவர் சொல்லவில்லை. சொன்னால், உன்னால் ஒரு உயிர் போகலாம் என்று சொன்னதாகிவிடும். அண்ணனைப் பறிகொடுத்தவளிடம் அதை எப்படிச் சொல்வது?

காலையில் கும்பிடும்போது வேண்டுதல் மாறிவிட்டது. அந்தப் பெட்டியை நகரவிடாதே. சொல்லிவிட்டுப் பயந்துபோனார். இத்தனை நாளாக நகர்த்து நகர்த்து என்று மன்றாடியதும் இதே வாய்தான். எந்தக் குரலை ஆண்டவன் கேட்டிருப்பான்? முதலில் கேட்டதைக் கொடுத்துவிட்டானென்றால்?

எப்போ சாரின் முகத்தை அக்கா பார்த்ததே இல்லை. குரல்தான் தெரியும். ஆனால் இப்போது அந்தக் குரலுக்கு ஒரு முகம் வந்துவிட்டது. கண்ணை மூடினால் வளைவில் ஒருவர் வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறார். லைட் ஒரு சிமிட்டு சிமிட்டுகிறது. திரும்பிப் பார்க்கிறவருக்கு வீட்டுக்காரரின் முகம். அக்கா எழுந்து போய்ப் பலகையில் கிடக்கும் செட்டை எடுத்து, நல்ல முனைகளைப் பிடித்து இழுப்பார். உறுதியாக நிற்கும் முனையைக்கூடப் பிய்த்து எடுக்கும்வரை விட மாட்டார். சந்தில் வண்டி திரும்பும்போது இப்போது அவர் மூச்சை அடக்குவதோடு நிற்கவில்லை. எழுந்து ஜன்னலுக்கே போய்விடுவார். அந்த வெளிச்சம் வாசல்வரை வந்துசேருகிறதா என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்.

அப்படி நின்ற ஒரு சாயங்காலம், போனில் செய்தி வந்தது. பெட்டி ஒப்படைக்கப்பட்டது, அதுவும் முந்தின நாளே. அக்கா மீண்டும் மீண்டும் எண்ணை அழுத்தினார். ஒரே சத்தம், ஒரே சத்தம். நாத்தனார் டேப்பைக் கீழே வைத்தாள்.

"அண்ணி, என்ன நடக்குதுன்னு சொல்லுங்க. நாலஞ்சு நாளா நீங்க நீங்களா இல்ல."

அக்கா சொல்லிவிட்டார். சொல்லும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நாத்தனார் அழவில்லை. கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, அக்காவின் போனை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தாள். "இது லைன் கோளாறு இல்ல அண்ணி. கோவத்துல உங்க நம்பர அடைச்சு வச்சிருக்காரு" என்றாள். பிறகு தன்னுடைய போனை எடுத்தாள். இதை அன்றைக்கே என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று அவள் கேட்கவில்லை. கேட்காதது அக்காவுக்கு நன்றாகவே கேட்டது.

மூன்றாவது மணியில் எடுத்தார். உற்சாகமான குரல். தெரியாத எண் என்பதால் எடுத்திருந்தார்.

"சார், நான் லைட்டக்கா வீட்டுலருந்து பேசுறேன். செட்ட மாட்டிட்டீங்களா?"

மாட்டியாயிற்று என்றார். லைட் சும்மா பகல் மாதிரி எரிகிறது, இவ்வளவு நாள் காக்க வைத்ததைத்தான் மன்னிக்க முடியாது என்றார். விடிந்ததும் வீட்டுக்காரம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு மலைமேல் இருக்கும் மச்சினிச்சி வீட்டுக்குப் போகப் போகிறாராம், திரும்பி இறங்க இருட்டிவிடுமாம். நாத்தனார் போனை அக்காவிடம் நீட்டினாள். அக்கா போனை வாங்கினார்.

"சார், கோவிச்சுக்காதீங்க. லைட்டுக்குப் பின்னால போற டேப்ப வெட்டணும்."

அவர் கத்தத்தான் செய்தார். இப்போதுதான் வந்தது, இப்போதே வெட்டச் சொல்கிறீர்களா, என்ன விளையாட்டா என்றார். அக்கா முழுவதையும் கேட்டுக்கொண்டார். அவர் ஓய்ந்த பிறகு, ஒரு முனையை நாங்கள் சரியாகப் பார்க்காமல் விட்டுவிட்டோம், தப்பு எங்கள் பேரில்தான் என்றார். அந்தப் பக்கம் ஒரு டிராயர் திறந்தது. தையல் பிரிக்கிற கத்தியாக இருக்கும், டேப் கிழிகிற சத்தம் சீராகக் கேட்டது.

"மூணு வயர் இருக்கு."

"பித்தளைய ஒரு கையில பிடிங்க, வயர இன்னொரு கையில பிடிங்க. ஒவ்வொண்ணா இழுங்க சார். பயப்படாம நல்லா இழுங்க."

"கறுப்பு. நிக்குது."

நாத்தனார் அக்காவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"நீலம். நிக்குது."

பிறகு ஒன்றும் வரவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும். எங்கேயோ ஒரு பாத்திரம் வைக்கிற ஓசை. யாரோ ஒரு பெண் என்னங்க என்று கேட்டாள்.

"அம்மா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் சார்."

"வெள்ளை கையோட வந்துடுச்சு."

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார். என்ன சொன்னோம் என்று அவருக்குப் பிறகு நினைவில்லை. வண்டியை எடுக்காதீங்க, வேறு செட் அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். எப்போ வரும் என்று அவர் கேட்கவில்லை. சரிம்மா என்றார், இன்னொரு முறை சரிம்மா என்றார், வைத்துவிட்டார்.

அறை இருட்டிக்கொண்டு வந்தது. யாரும் எழுந்து லைட்டைப் போடவில்லை. நாத்தனார் பலகைமேல் கிடந்த ஒரு வெள்ளை வயரை எடுத்து விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடியும் சுற்றினாள்.

"அண்ணி."

"ம்."

"அண்ணனோட வண்டி செட்ட யாராவது இழுத்துப் பாத்தாங்களா?"

இந்தக் கேள்வி இந்த வீட்டில் இத்தனை வருஷமாக இவர்கள் இருவரோடும் சாப்பிட்டு, இவர்களோடு படுத்து எழுந்திருந்தது. வாய்விட்டுக் கேட்டது இப்போதுதான்.

"அப்ப அந்த வழக்கம் இல்லம்மா."

நாத்தனார் தலையாட்டினாள். எழுந்து போய்ப் பலகையைத் துடைத்தாள், எப்போ சார் வண்டிக்கான ஆணிகளை மறுபடியும் அடிக்க ஆரம்பித்தாள். அக்கா வயர்ச் சுருள்களை எடுத்து வைத்தார். அன்று முதல் முனைகளை நாத்தனாரும் இழுத்தாள். அக்கா இழுத்ததையே திரும்பவும் இழுத்தாள், விரல் சிவக்கும்வரை. அக்கா தடுக்கவில்லை.

காலையில் கண்ணை மூடிக் கைகூப்பினார். எல்லோருடைய நலனுக்கும் வேண்டினார். எப்போ சாருக்கும் அவர் வீட்டுக்காரம்மாவுக்கும் வேண்டினார். அதற்குப் பிறகு, அனுப்பப் போகிற புதுப் பெட்டிக்காக என்ன கேட்பது என்று வந்தபோது உதடு அசையவில்லை. சீக்கிரம் என்று சொல்லவும் பயமாக இருந்தது, மெதுவாக என்று சொல்லவும் பயமாக இருந்தது. அப்படியே கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் பலகைக்கு வந்தார்.