பல் படாத இனிப்பு

என் வீட்டுக்காரருக்கு வாயில் ஆபரேஷன் ஆகி, கதிர்வீச்சும் முடிந்து, இனி அவ்வப்போது வந்து காட்டினால் போதும் என்று வேலூர் ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிய பிறகு, வீட்டில் ஒரு ஸ்தோத்திர ஜெபம் வைப்பது என்று முடிவாயிற்று. எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் இது வழக்கம். பிழைத்து வந்தவருக்காகப் போதகரையும் சொந்தபந்தத்தையும் கூட்டி, கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டு, பிரியாணி போட வேண்டும். ஜெபம் சுருங்கினால்கூட யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பிரியாணி சுருங்கினால் அடுத்த ஈஸ்டர் வரைக்கும் பேசுவார்கள். ஆம்பூர் அப்படிப்பட்ட ஊர்.

என் சங்கடமே அந்தப் பிரியாணிதான். யாருக்காகக் கூட்டமோ, அந்த மனுஷனால் அதில் ஒரு பருக்கை சாப்பிட முடியாது. இடது பக்கம் பற்களை எடுத்துவிட்டார்கள். கீழுதடு பாதி மரத்துப்போய் இருந்தது. கஞ்சி குடித்தால் இடது ஓரத்தில் வழியும். வழிவது அவருக்கே தெரியாது. தெரிந்த பிறகு முகம் சுருங்கிவிடும். அந்தப் பாக்குப் பொட்டலத்தை விட்டுத் தொலையுங்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன், கேட்டாரா? இப்போது அதைச் சொல்லிக் காட்டவும் எனக்கு மனசு வரவில்லை.

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டுதான் சாப்பிட்டார். நான் கிண்ணத்தை வைத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். என் எதிரில்கூட ஒரு ஸ்பூன் வாயில் வைக்க மாட்டார். ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை பார்த்தவர் அவர். மத்தியானம் பெல் அடித்தால் பத்துப் பேர் டிபன் பாக்ஸிலும் கை விட்டுச் சாப்பிட்டுப் பழகியவர். அப்படிப்பட்டவர் கதவைச் சாத்திக்கொள்வதைத் தினமும் மூன்று வேளை பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெபத்தன்றும் ஊரே உட்கார்ந்து சாப்பிட இவர் உள்ளே போய்விட்டால், பிறகு ஆயுசுக்கும் அந்த அறைதான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அன்றைக்கு ஒரு வாயாவது எல்லார் நடுவிலும் அவர் சாப்பிட்டாக வேண்டும். எனக்கு வேறு வேண்டுதல் இல்லை.

அதற்கு எல்லாரும் சாப்பிடுகிற ஏதோ ஒன்றை அவராலும் சாப்பிட முடிய வேண்டும். அவருக்கென்று தனியாகக் குழைத்து வைத்தால் அது நோயாளிச் சாப்பாடு, தொடவே மாட்டார். மொபைலில் தேடியபோது ஒரு பெண் அடுப்பில் பாதி நேரமும் பேச்சில் மீதி நேரமுமாக ஒரு வாழைப்பழ இனிப்பு செய்து காட்டினாள். அடியில் பிஸ்கட், அதன் மேல் கஸ்டர்ட், அதன் மேல் வாழைப்பழ வில்லை, மறுபடி பிஸ்கட். அடுக்கிக்கொண்டே போய் ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டியதுதான். இதைத்தான் செய்யப்போகிறேன் என்று அப்போதே தீர்மானித்துவிட்டேன்.

சுலபம் என்றுதான் அவள் சொன்னாள். பற்களை உபயோகிக்காமல் சாப்பிட்டுப் பார்த்தால்தான் எது சுலபம் என்று தெரியும். நான் சமையலறையில் நின்றுகொண்டு, பல் படாமல், நாக்கை மேலண்ணத்தில் அழுத்தி மட்டும் ஒவ்வொன்றையும் விழுங்கிப் பார்த்தேன். ரஸ்தாளி வாசனைக்கு நன்றாக இருந்தது, ஆனால் நடுவில் கட்டி கட்டியாக இருந்தது. மஞ்சள்பழம் பரவாயில்லை. பச்சைப்பழம், தோலில் கரும்புள்ளி விழுகிற அளவுக்குக் கனிந்தது, நாக்கு பட்டதும் கரைந்தது. மேரி பிஸ்கட் இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் ஓரத்தில் விறைப்பாகவே இருந்தது. பாலில் நனைத்து அடுக்கி ஒரு ராத்திரி விட்டால் கேக் மாதிரி ஆகிவிட்டது. வாழைப்பழம் கறுக்காமல் இருக்க எலுமிச்சைச் சாறு பிழியச் சொன்னாள் அந்தப் பெண். கதிர்வீச்சுப் பட்ட வாயில் எலுமிச்சை பட்டால் உயிர் போகும். அதனால் பழத்தை நறுக்கிய கையோடு வைத்து, காற்றுப் படாமல் கஸ்டர்டால் முழுக்க மூடிவிட்டேன். கறுக்கவில்லை. எனக்கே என் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

முதல் நாள் சாயங்காலம் அரக்கோணத்திலிருந்து என் நாத்தனார் வந்து இறங்கினாள். கையில் ஒரு பை நிறைய முந்திரி. நான் தட்டில் பிஸ்கட் அடுக்கிக்கொண்டிருந்தபோதே அதை நெய்யில் வறுத்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"இன்னா அண்ணி இது, முந்திரி போடாம ஒரு ஸ்வீட்டா? ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு பிடி போடு. எங்கண்ணன் எழுந்து வந்துருக்குறாரு, கஞ்சத்தனம் பண்றாங்கன்னு பேசுவாங்க."

"ஒங்கண்ணன் முந்திரிய எந்தப் பல்லுல மெல்லுவாரு?"

"அவருக்குத் தனியா ஒரு கிண்ணத்துல எடுத்து வெச்சிரு."

"அதான் வேணாம்ங்கறேன்" என்று கத்தியே விட்டேன். அவள் முகம் வாடிவிட்டது. பாவம், அண்ணன் மேல் உயிரையே வைத்திருப்பவள். கூப்பிட்டு உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். பிறகு முந்திரியை ஒரு கிண்ணத்தில் போட்டு மூடி வைத்து, "வேணுங்கறவங்க மேல தூவிக்கட்டும்" என்றாள். மீதி அடுக்கு எல்லாவற்றையும் அவளேதான் வைத்தாள். என்னைவிட நேராக வைத்தாள்.

அது ரம்ஜான் மாதம். போதகருக்கு அந்த ஒரு சாயங்காலம்தான் ஒழிந்திருந்தது. என் வீட்டுக்காரரின் தோஸ்த் ஒருவர் உண்டு. இருவரும் கட்டிங் பிரிவில் பக்கத்துப் பக்கத்து மேஜையில் நின்று வேலை பார்த்தவர்கள். ஆஸ்பத்திரி நாட்களில் பாதி ராத்திரிகள் எங்களுக்குத் துணையாக வராண்டாவில் படுத்துக் கிடந்தவர் அந்த தோஸ்த். அவருக்கு நோன்பு நாளாயிற்றே, தேதியை மாற்றலாமா என்று யோசித்தபோது அவரே போன் செய்தார். "இன்னாத்துக்கு தங்கச்சி மாத்தணும்? நான் வர்றேன். ஒங்க வீட்லயே நோன்பு தொறக்கறேன்" என்றார். பேரீச்சம்பழமும் பள்ளிவாசல் கஞ்சியும் வாங்கி வைத்துவிடுகிறேன் என்று நான் வாக்குக் கொடுத்தேன்.

வாக்குக் கொடுத்தவள் சுத்தமாக மறந்துபோனாள். வாழைப்பழத்திலேயே என் புத்தி முழுக்கக் கிடந்தது.

ஜெபம் ஐந்து மணிக்கு ஆரம்பித்தது. ஹாலில் ஜமக்காளம் போட்டு எல்லாரும் உட்கார்ந்தார்கள். தோஸ்த் வாசல் பக்கம் ஒரு நாற்காலியில் தொப்பியோடு உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். போதகரும் இந்த ஊர்க்காரர்தான். கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பள்ளிவாசல் பாங்குக்கு முன்னாலேயே ஆமென் சொல்லி முடித்தார். மொட்டை மாடியில் பிரியாணி இன்னும் தம்மில் இருந்தது.

என் வீட்டுக்காரர் செய்ததைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, தண்ணீர் ஜக்கைக் கையில் எடுத்துவிட்டார். பந்திக்குப் பேப்பர் ரோலை விரிக்கச் சொல்லி ஜாடை காட்டினார். வீட்டுக்காரர் என்பவர் பந்தி விசாரித்துவிட்டுக் கடைசியில்தானே சாப்பிடுவார்? யார் என்ன சொல்ல முடியும்? எல்லாரும் எழுந்து போனதும் சத்தமில்லாமல் பின்னறைக்குப் போய்விடுவார். இவ்வளவு யோசித்த எனக்கு இது மட்டும் தோன்றவில்லை. பந்தி என்று ஒன்று இருந்தால் அதில் பரிமாறுபவரும் ஒருவர் இருப்பார் என்பது எந்த மடைச்சிக்கும் தெரியும்.

"நீங்க ஒக்காருங்க, பசங்க பாத்துக்குவாங்க" என்றேன். காதில் விழாத மாதிரி டம்ளர்களை வரிசையாக வைத்துக்கொண்டே போனார்.

அப்போது பாங்கு கேட்டது. கஞ்சி ஞாபகம் அப்போதுதான் வந்தது எனக்கு. வீட்டில் ஒரு பேரீச்சம்பழம் கிடையாது. நாள் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காத மனுஷன் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். ஃபிரிட்ஜைத் திறந்து, முதல் தட்டை வெளியே இழுத்து, இரண்டு கிண்ணத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினேன். ஏன் இரண்டு என்றால், கை அப்படித்தான் எடுத்தது.

"மன்னிச்சிருங்கண்ணா, கஞ்சிய மறந்துட்டேன். வாழைப்பழந்தான் இருக்குது" என்றேன்.

"பழம் போதுமே" என்று சிரித்தார் தோஸ்த். வந்து ஜமக்காளத்தில் உட்கார்ந்தார். ஒரு கிண்ணத்தைத் தன் முன்னால் வைத்துக்கொண்டார். இன்னொன்றைப் பக்கத்தில் வைத்துவிட்டு, என் வீட்டுக்காரரைப் பார்த்துத் தரையைத் தட்டினார்.

"ஒக்காரு தோஸ்த்து. தனியா நோன்பு தொறந்து பழக்கமில்ல எனக்கு."

இவர் தலையை ஆட்டினார். ஜக்கைத் தூக்கிக் காட்டினார். அப்புறம், என்று வாயைத் திறக்காமலே சொன்னார்.

தோஸ்த் ஸ்பூனைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். பாங்கு போய்க்கொண்டே இருந்தது. எங்கள் ஊரில் ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும், பாங்கு சொன்ன பிறகு நோன்புக்காரரைக் காக்க வைக்கக் கூடாது. பஸ்ஸே ஓரங்கட்டி நின்று டிரைவர் பாய் தண்ணீர் குடித்துவிட்டு வருவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஹாலில் அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். போதகர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். நாத்தனார் பார்த்தாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"பாய் பசியோட காத்துக்கினு இருக்காரு. ஜக்க வெச்சிட்டு ஒக்காருங்க!" என்று அத்தனை பேர் நடுவிலும் சத்தம் போட்டேன்.

உட்கார்ந்தார். துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். ஸ்பூனை எடுத்து, ஓரத்திலிருந்து கொஞ்சமாக அள்ளி, வாயின் வலது பக்கமாக வைத்தார். தோஸ்த் பிஸ்மில்லா சொல்லி ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் தானும் கிண்ணத்தில் ஸ்பூனைப் போட்டார். நாக்கு அசைவதும் தொண்டை இறங்குவதும் எனக்குத் தெரிந்தது. முழுங்கிவிட்டார். இரண்டாவது ஸ்பூனில் கஸ்டர்ட் இடது ஓரத்தில் வழிந்து தாடைத் தழும்பில் இறங்கியது. அவருக்குத் தெரியவில்லை, ஹாலில் எல்லாருக்கும் தெரிந்தது. துடைக்கலாம் என்று நான் ஒரு அடி எடுத்து வைப்பதற்குள், தோஸ்த் தன் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே தன் தாடையை ஒரு விரலால் தொட்டுக் காட்டினார். அவ்வளவுதான். கம்பெனியில் முகத்தில் தூசி இருந்தால் காட்டுவார்களே, அப்படி. இவர் துண்டால் துடைத்துக்கொண்டு மூன்றாவது ஸ்பூன் எடுத்தார்.

"இன்னா எல்லாரும் பாத்துக்கினு இருக்கீங்க? எங்களுக்கு இல்லியா அது?" என்றார் போதகர், ஜமக்காளத்தில் உட்கார்ந்தபடி. நாத்தனார் தட்டோடு ஓடி வந்தாள். பிரியாணிக்கு முன்னாலேயே இனிப்பு போனது. அதைப் பற்றியும் பிறகு ஊரில் பேசினார்கள், பேசட்டும்.

தோஸ்த் ஹாலிலேயே ஒரு மூலையில் தொழுதுவிட்டு வந்து, பிரியாணியும் சாப்பிட்டார். அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை என் வீட்டுக்காரர் பக்கத்தை விட்டு நகரவில்லை. இன்னொரு கிண்ணம் வாங்கி மெதுவாக வாயில் கரைத்துக்கொண்டிருந்தார். பின்னறைப் பக்கம் அவர் திரும்பியே பார்க்கவில்லை.

தோஸ்த் கிளம்பும்போது நான் வாசல் வரை போனேன். கஞ்சியை மறந்ததற்கு மறுபடி மன்னிப்புக் கேட்டேன். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டே சட்டைப்பையில் கை விட்டு, ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தார். பிரித்துப் பார்த்தேன். மூன்று பேரீச்சம்பழம்.

"இது இருந்துதாண்ணா உங்ககிட்ட? அப்பறம் ஏன் அவ்ளோ நேரம் பசியோட…"

"பள்ளில பாங்கு ஆரம்பிச்சதும் இத வாயில போட்டிருந்தா, அவன் ஒக்காந்திருப்பானா தங்கச்சி?" என்றார்.

பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்று, தெருவில் போகிறவர்கள் பார்ப்பார்கள் என்றுகூட நினைக்காமல் அழுதேன். உள்ளே என் வீட்டுக்காரர், ஆபரேஷனுக்குப் பிறகு பாதி புரிந்தும் பாதி புரியாமலும் வருகிற தன் பேச்சில், இன்னும் ஒரு கிண்ணம் இருக்கிறதா என்று தன் தங்கையைக் கேட்டுக்கொண்டிருந்தார்.