கோல்ட் என்ற சொல்லும் கணக்கு வாத்தியார் வீடும்

ஐம்பதுகளின் நடுவில் மணமேல்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. அந்த ஊரில் எனக்கென்று இருந்தது கணக்கு வாத்தியார் வீடு ஒன்றுதான். சாப்பாடு அங்கேதான். அவருடைய நாலு வயது மகள் வந்து என்னை இழுத்துக்கொண்டு போவாள்.

குளிர் என்று பொருள்படும் ‘கோல்ட்’ என்ற சொல்லை நடத்தும்போதெல்லாம் எனக்கும் வகுப்புக்கும் சண்டைதான். வெள்ளைக்காரனுக்குக் குளிர் ஆகாது. இரக்கமில்லாதவன் நெஞ்சு கோல்ட். பதறாமல் கொலை செய்தால் கோல்ட் பிளட். ஒருவரை ஒதுக்கிவைத்தால் கோல்ட் ஷோல்டர். பயந்து பின்வாங்கினால் காலே குளிர்ந்துவிடுமாம்!

“மனசு குளிர்ந்துச்சுன்னா நல்லதுதானே சார்?” என்பான் ஒருவன். பங்குனி வெயிலில் வேர்த்துக் கொட்டும்போது நான் என்னத்தைச் சொல்ல? “பரீட்சையில இதை எழுது, வீட்டுல போய் அதைச் சொல்லிக்க” என்று எரிந்து விழுவேன்.

அந்த வருஷம் கணக்கு வாத்தியாரின் தகப்பனார் தவறிப்போனார். மாலையோடு போனேன், கடைசிவரை கூடவே இருந்தேன். கிளம்பும்போது, தினமும் சொல்லிப் பழகிய பாழாய்ப்போன வாய் “போயிட்டு வாரேங்க” என்று சொல்லித் தொலைத்தது. சாவு வீட்டில் அதைச் சொல்லக்கூடாது, பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். சொன்னால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று அர்த்தமாகிவிடும். இது யாருக்குத்தான் தெரியாது? உட்கார்ந்திருந்த பெண்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

இரண்டு மாதத்தில் அந்தக் குழந்தை காய்ச்சலில் போய்விட்டது.

செய்தி வந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனேன். என் வாயால்தான் வந்தது என்றல்லவா நினைப்பார்கள், எந்த மூஞ்சியோடு அவள் அம்மா முன்னால் போய் நிற்பது? திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். தெரு வழியாகத் தூக்கிப் போனபோதும் வெளியே வரவில்லை.

அப்புறம் அந்த வீட்டிலிருந்து யாரும் என்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. பள்ளியில் பார்த்தால் “வாங்க, உக்காருங்க” என்பார் கணக்கு வாத்தியார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. நானே கஞ்சி வைத்துக் குடித்தேன். வாய் தவறி வந்த ஒரு சொல்லுக்கு இத்தனை பெரிய தண்டனையா, படித்தவரும் இப்படியா என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே ஒன்றரை வருஷம் ஓட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு குரலாவது கேட்கட்டும் என்று பாடத்தைச் சத்தமாகப் படிப்பேன். அதைச் சொல்ல இப்போது வெட்கமில்லை. கோல்ட் ஷோல்டருக்கு உதாரணம் கேட்ட மாணவனிடம் மட்டும் நாளைக்குச் சொல்கிறேன் என்று நழுவிவிட்டேன்.

கணக்கு வாத்தியாருக்கு அறந்தாங்கிக்கு மாற்றலானது. மூட்டை முடிச்சோடு பஸ்ஸுக்கு நின்றார்கள். மனசு கேட்காமல் போனேன். அவர் பெட்டியை ஏற்றப் போனதும் அந்த அம்மாவிடம், “அன்னைக்கு வாய் தவறிச் சொல்லிட்டேங்க, மன்னிக்கணும்” என்றேன்.

அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன சொன்னேன், எப்போது சொன்னேன் என்று விளக்க வேண்டியிருந்தது.

“அதையெல்லாம் யாருங்க ஞாபகத்துல வச்சிருக்கா?” என்றார். பஸ்ஸின் மேல் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்த கணவரை ஒரு தடவை பார்த்தார். “மாமனாருக்கு மாலையோட வந்தீங்க. எம் புள்ளைக்கு நீங்க வரலையே. வாத்தியார் வந்துரட்டும், வந்துரட்டும்னு இவுக ரொம்ப நேரம் தூக்கவே விடலைங்க.”