திருகாணியில் அரைச் சுற்று

செக்யூரிட்டி வேலையை உதறிவிட்டு, சொந்தமாக மரம் வெட்டக் கிளம்பிய முதல் மாதமே ஒரு செயின்சாவைக் கருக்கியவன் நான். எஸ்டேட் ரோட்டில் மோட்டார் சைக்கிளின் புகைக்குழாயை, எக்சோஸை, திறந்துவிட்டுப் பறந்து பழகிய காது இது. வீறிட்டால்தான் சக்தி என்று நம்பும். மெஷினின் எக்சோஸிலும் ஓட்டையைப் பெரிதாக்கி, பெட்ரோல் குறையும்படி காபரேட்டர் திருகாணியை இறுக்கி, கீச்சென்று கத்தவிட்டேன். மூன்றாம் நாள் பிஸ்டன் வெந்து இறுகிப்போனது. எக்சோஸைத் திறந்தால் இன்ஜின் கூடுதலாகக் காற்றை இழுக்கும், அதற்குத் தக்கபடி பெட்ரோலும் கூட வேண்டும் என்பது அதற்கப்புறம்தான் மண்டையில் ஏறியது.

கோலா பிலா பக்கம் ஒரு மலாய்ப் பெரியவரின் ரப்பர் தோட்டத்தில் கிழட்டு மரங்களை வெட்டும் வேலை கிடைத்தபோது கையில் இருந்தது இரண்டாவது மெஷின். அதுவும் போனால் மறுபடி அம்பாங்கானில் செக்யூரிட்டி கார்டு ஹவுஸில் நின்று, வரும் காருக்கெல்லாம் தடுப்புக் கட்டையைத் தூக்கி இறக்க வேண்டியதுதான். பருத்த மரங்கள் என்பதால் இதன் எக்சோஸையும் திறந்திருந்தேன். ஆனால் இம்முறை திருகாணியை அரைச் சுற்று தளர்த்தி வைத்தேன். சூடு கண்ட பூனை அல்லவா?

தோட்டத்தில் இன்ஜின் சூடானதும் விசையை முழுதாக அழுத்தினேன். கொடகொடவென்று சளி பிடித்தவன் மாதிரி இருமியது. மெஷினுக்கு உடம்பு சரியில்லையா என்று பெரியவர் மலாயில் கேட்டார். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. கூட வேலைக்கு வந்திருந்த என் மனைவியின் அண்ணனுக்கு என்னைவிட வெட்கம்.

"கொஞ்சம் டைட் பண்ணுங்க மாப்ள. மானம் போகுது லா," என்றார் காதோரமாக.

ஸ்குரு டிரைவரைக் கையில் எடுத்தும் விட்டேன். ஒரு கால் சுற்று இறுக்கினால் போதும், கேட்கிறவர்களுக்குக் காது குளிர்ந்துவிடும். பழைய பிஸ்டனின் கோடு விழுந்த முகம் ஞாபகம் வந்தது. டிரைவரைத் திரும்பப் பையில் போட்டுவிட்டேன்.

"மரத்துல வச்சிட்டுப் பேசுவோம் மச்சான்."

பிளேடு அடிமரத்தில் இறங்கியதும் இருமல் நின்றது. உபரியாக இருந்த பெட்ரோலுக்கு வேலை வந்துவிட்டது. ஒரே சீரான உறுமல். மரத்தூள் கொத்துக்கொத்தாகக் காலில் கொட்டியது. வெளியே இழுத்தால் மறுபடி இருமல், உள்ளே விட்டால் உறுமல். எனக்கு வாய்விட்டுச் சிரிக்க வேண்டும்போல இருந்தது, சிரித்தேன்.

மதியச் சாப்பாட்டுக்குள் ஒன்பது மரம் சாய்ந்திருந்தது. இன்ஜின் ஆறிய பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். நல்ல தே தாரிக் நிறம், கெட்டிப் பால் தேநீரின் பழுப்பு. வெளுத்திருந்தால்தான் பயம், பெட்ரோல் போதாமல் உள்ளே வேகிறது என்று அர்த்தம். மச்சான் அதை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுநாள் எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மெஷினைத் துடைக்கத் துணி தேடினேன். எதற்கும் இருக்கட்டும் என்று செக்யூரிட்டி சட்டையைத் துவைத்து, தேய்த்து, அலமாரியில் மாட்டி வைத்திருந்தேன். அதைத்தான் கிழித்தேன்.