ஷம்ஷாத் டீச்சரின் கொட்டாங்குச்சி

ஷம்ஷாத்துக்கு இடது காது கேட்காது. ஒன்றாம் வகுப்பில், "ஒண்ணுக்கு முன்னால இன்னா கீது டீச்சர்?" என்று கேட்டதற்கு விழுந்த அறை அது. பதில் வரவில்லை. சீழ்தான் வந்தது. அதற்கப்புறம் பத்தாம் வகுப்பு முடிக்கும் வரைக்கும் அவள் வகுப்பில் வாயைத் திறக்கவே இல்லை. அடக்கமான பெண் என்று ஊரே மெச்சியது. மெச்சியவர்களை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

இப்போது அவள் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மெக்கானிக் கடைகள் நிறைந்த சந்தில், பால்வாடி டீச்சர். எந்தப் பிள்ளை எதைக் கேட்டாலும் குனிந்து வலது காதைக் கொடுப்பாள். பதில் தெரியாவிட்டால், "தெரியலடா கண்ணு, வா பாக்கலாம்" என்பாள். பெரியவர்களிடம் அவளுக்கு இத்தனை பொறுமை கிடையாது. பிள்ளைக்குப் போட்ட முட்டை சிறிதாக இருக்கிறது என்று சண்டைக்கு வந்த ஒருவனைத் துடைப்பத்தோடு தெருமுனை வரை துரத்தியிருக்கிறாள்.

பட்டறைகளில் தூக்கிப் போடும் டைம்பீஸ், டார்ச், ஹாரன் என்று எது கிடைத்தாலும் கேட்டு வாங்கி வந்து பிள்ளைகள் நடுவில் வைப்பாள். "உள்ள இன்னா கீது?" என்று ஒன்று கேட்கும். "பிரிச்சுப் பாரு" என்பாள். அதற்கு ஒரே ஒரு சட்டம். கழற்றியதைக் கொட்டாங்குச்சியில் போட வேண்டும். தரையில் வைக்கக் கூடாது, வாயில் வைக்கவே கூடாது. சமைக்கிற ஆரோக்கியம்மாள் தேங்காய் துருவிய ஓடுகளைத் தேய்த்துக் கழுவிப் பிள்ளைக்கு ஒன்றாகக் கொடுத்திருந்தாள். பிள்ளைகள் அதை வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு போகும்.

யார் பொருள் என்று கேட்டுவிட்டுத் தொடு என்று இன்னொரு சட்டமும் போட்டிருக்கலாம். ஷம்ஷாத்துக்கு அது தோன்றவில்லை. வினை சுரேகாவிடம் போய் முடிந்தது. நாலு வயது அவளுக்கு. அதே சந்தில் வீட்டு வாசலிலேயே பைக் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் உத்தமனின் மகள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஒரு பழைய புல்லட்டின் கார்ப்ரேட்டரைத் தளர்த்தி வைத்துவிட்டு உத்தமன் டீ குடிக்கப் போனான். திரும்பி வருவதற்குள் மகள் அதைப் பிரித்துவிட்டிருந்தாள். உள்ளே பெட்ரோலை அளந்துவிடும் ஊசியைக் காணவில்லை. அந்த நேரம் பார்த்துத்தானா புல்லட்டுக்காரன் வர வேண்டும்? வண்டி ரெடியாகவில்லை என்றதும் சந்தே பார்க்க உத்தமனைச் செருப்பால் அடித்தான். திருப்பி அடிக்க உத்தமனுக்குத் துப்பில்லை. வாங்கிய அடியை வீட்டுக்குள் கொண்டுபோய் மகள்மேல் இறக்கினான். பிரேக் கேபிளால் விளாசினான். தடுக்க வந்த பிஞ்சுக் கையைப் பிடித்து முறுக்கினான். எலும்பு முறிந்த சத்தம் தெருவரைக்கும் கேட்டதாம்.

ஆஸ்பத்திரியில் அவன் பெண்டாட்டி ராணி, "மாடிப்படில விழுந்துட்டா" என்றாள்.

"இவுங்க ஊட்ல மாடியே கெடையாது டாக்டர்" என்றாள் பின்னாலேயே ஓடி வந்திருந்த ஷம்ஷாத்.

போலீஸ் வந்து உத்தமனைக் கூட்டிக்கொண்டு போனது. அங்கேயும் அடி விழுந்தது. ஜாமீனில் வெளியே வந்தவனுக்கு உதடு கிழிந்திருந்தது. ஆக மொத்தம், அந்த வாரம் சந்தில் எல்லோரும் எல்லோரையும் அடித்து முடித்திருந்தார்கள். ஊசிதான் கிடைக்கவில்லை.

ராணி அம்பத்தூர் எஸ்டேட்டில் பேக்கிங் வேலைக்குப் போகிறவள். போகும்போது மாவுக்கட்டுப் போட்ட மகளைப் பால்வாடியில் விட்டுவிட்டுப் போவாள். சுரேகா சுவரோரம் உட்காருவாள். பேசமாட்டாள். ஷம்ஷாத் ஒரு டார்ச்சை அவள் எதிரில் வைத்தாள். பிள்ளை நல்லாயிருந்த கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டது. ஷம்ஷாத் டார்ச்சைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். எலும்பு எப்படியும் கூடிவிடும். இவள் வாய் திரும்பத் திறக்குமா? திறக்காவிட்டால் இவளையும் அடக்கமான பெண் என்று மெச்ச ஊர் தயாராக இருக்கிறது.

சாம்பார் சாதம் போடுகிற நேரத்தில்தான் உத்தமன் ஸ்பேனரோடு உள்ளே நுழைந்தான்.

"எம் பொண்ண கெடுத்தவளே! பிரிச்சுப் பாருன்னு சொல்லிக் குடுத்து ஊசிய தொலைக்க வெச்சியே! போலீஸாண்ட வேற போட்டுக் குடுத்துகினு கீறியா?"

முதல் அடியில் அலமாரிக் கண்ணாடி நொறுங்கியது. அடுத்த அடி டைம்பீஸ்கள் வைத்திருந்த பெட்டியில். பல் சக்கரங்கள் தரையெல்லாம் சிதறின. பிள்ளைகள் அலறின. ஆரோக்கியம்மாள் அத்தனை பேரையும் வாரித் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளினாள். குறுக்கே போன ஷம்ஷாத்தின் நெற்றியில் ஸ்பேனர் உரசிக்கொண்டு போனது. ரத்தம் கண்ணில் வழிந்தது. அவள் பின்வாங்கவில்லை. சாம்பார் அண்டாவில் கிடந்த இரும்புக் கரண்டியை உருவி அவன் மணிக்கட்டில் ஓங்கிப் போட்டாள். இன்னொன்று முழங்கையில். ஸ்பேனர் கீழே விழுந்தது. அதைக் காலால் தள்ளிவிட்டு, கரண்டியை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இன்னாடா ஊசி ஊசின்னு குதிக்கிற? கொட்டாங்குச்சி எங்க?"

"இன்னா கொட்டாங்குச்சி?"

"எம் புள்ளைங்க கழட்னத தரைல வெக்காதுங்க. கொட்டாங்குச்சில தான் போடுங்க. உம் பொண்ணு பக்கத்துல அது இருந்துச்சா, இல்லியா?"

உத்தமனுக்கு இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமை கண்முன் வந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது.

"இருந்துச்சி" என்றான். "வந்த ஆத்திரத்துல... எட்டி ஒதச்சேன். சாக்கடைல போய் விழுந்துச்சி."

"அதுல தான்டா இருந்துச்சி ஊசி! உன் கால்ல போச்சி, அதுக்கு அவ கைய ஒடச்சிகீற!"

உத்தமன் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பிள்ளைகளின் அழுகை விசும்பலாக இறங்கியது. ஆரோக்கியம்மாளின் புடவையை விலக்கிக்கொண்டு சுரேகா மெல்ல வெளியே வந்தாள். அப்பனை நோக்கி நடந்தாள். அவன் கை எட்டாத தூரத்தில் நின்றுகொண்டாள். அது எவ்வளவு தூரம் என்று அந்த நாலு வயசுக்குத் தெரிந்திருந்தது. மடியில் கிடந்த அவன் வலது கையையே பார்த்தாள்.

"அப்பா, உன் கைக்குள்ள இன்னா கீது?"

ஷம்ஷாத் கரண்டியைக் கீழே இறக்கினாள். எத்தனை நாளாகக் காத்திருந்த குரல்!

உத்தமன் கையை விரித்தான். கிரீஸ் கறையைத் தவிர எதுவும் இல்லை. "ஒண்ணும் இல்லமா" என்றான்.

"அப்போ ஏன் வலிச்சுது?"

அவன் எழுந்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வாசல் பக்கம் திரும்பினான். ஷம்ஷாத் முந்திக்கொண்டு போய்க் கதவைச் சாத்தி, அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றாள். கரண்டி இன்னும் கையில்தான் இருந்தது. நெற்றி ரத்தம் அந்தக் கேட்காத காதுப் பக்கமாக வழிந்துகொண்டிருந்தது.

"கொயந்த கேக்குதுல்ல?" என்றாள். "பதில் சொல்லிட்டுப் போ."