ஜோதிலிங்கம் காப்பாற்றிய கட்டடம்

டில்லி மந்திர் மார்க்கிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு லாட்ஜ் இருக்கிறது. ரூம் வாடகைக்கு விடும் லாட்ஜ் அல்ல. மனிதர் அனைவரும் சகோதரர் என்று நம்பும் ஒரு சங்கத்தார், மாதம் இருமுறை கோட்டும் டையுமாகக் கூடிக் கதவைச் சாத்திக்கொள்ளும் கட்டடம். சாத்திய கதவுக்கு வெளியே முப்பத்தாறு வருஷம் நின்றவர் காவல்காரர் ஜோதிலிங்கம், விருதுநகர்க்காரர். காவலாளிகளுக்குத் தொழிற்சங்கம் கட்டிக்கொண்டிருந்த நான் மூன்று முறை உறுப்பினர் படிவம் கொண்டுபோனேன். மூன்று முறையும் டீ கொடுத்து அனுப்பினார்.

கூட்டமில்லாத நாளில் கட்டடம் அவருடையது. வெளியே தெரியும் ஆறு ஜன்னலில் நான்கு பொய் ஜன்னல் என்பது அவருக்குத் தெரியும். தலைவர் நாற்காலி கிழக்கில் இருக்கவேண்டுமென்பது விதி. மனை அமைந்த லட்சணத்தில் அது மேற்குச் சுவரில் இருக்கிறது. சகோதரர்கள் தொண்ணூறு வருஷமாக அதைத்தான் கிழக்கு என்கிறார்கள்.

போன வருஷம் சகோதரர்கள் கட்டடத்தை இடித்துக் கடைகள் கட்ட ஒரு பில்டரிடம் பேசினார்கள். கட்டடம் போனால், பின்சுவரை ஒட்டி ஜோதிலிங்கம் குடியிருந்த ஒற்றை அறையும் போகும். அதனால், பழைய கட்டடங்களைப் பதிவு செய்து இடிக்கவிடாமல் காக்கும் குழுவிலிருந்து மாதங்கி என்ற பெண் வந்தபோது அவர் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. கம்பளத்தைச் சுருட்டிக் கறுப்பு வெள்ளைத் தரையைக் காட்டினார். ஏணி போட்டு, உத்தரத்தில் தச்சன் செதுக்கிய பெயரைக் காட்டினார்.

"அங்கிள், யூ ஆர் கிரேட்! மெம்பர்ஸுக்கே இதெல்லாம் தெரியலை. அச்சா, பின்னாடி அந்த ரூம்? அதுவும் ஒரிஜினலா?"

"அது நானும் எம் பொஞ்சாதி தங்கமும் தொண்ணூத்தொண்ணுல செங்கல் சொமந்து கட்டுனதும்மா. பழைய செவுத்துல சுண்ணாம்பு. இதுல பாருங்க, வெறும் சிமிட்டி."

மாதங்கி எழுதிக்கொண்டாள். கட்டடம் பாதுகாக்கப்பட்ட சின்னமானது. பில்டர் போய்விட்டார். உத்தரவில் ஒரு வரி: பின்னால் சேர்க்கப்பட்ட அறையை ஒரு மாதத்தில் அகற்றவேண்டும். மற்ற வரிகளுக்கு முகம் சுளித்த சகோதரர்கள் இதை மட்டும் ஏகமனதாக ஏற்றார்கள்.

இடிக்க ஆள் வந்துவிட்டதைக் கேள்விப்பட்டு ஓடினேன்.

"ஏன்யா, அதையும் வெள்ளைக்காரன் கட்டுனான்னு ஒரு பொய் சொன்னா நாக்கு அழுகிடுமா?"

"நீங்க வேற, தோழர். சிமிட்டியத் தொட்டாலே தெரிஞ்சிரும். அப்புறம் நான் சொன்ன மத்ததும் பொய்னு ஆயிரும்ல?"

பேசிக்கொண்டிருக்கும்போதே இடிக்க வந்த ஆள் கடப்பாரையை ஓங்கினான். ஜோதிலிங்கம் கையிலிருந்த பாயைப் போட்டுவிட்டு ஓடினார்.

"பையா, ஆராம் ஸே!" என்று, நிதானமாக இடிக்கச் சொல்லிக் கத்தினார். பழைய சுவரில் படாமல் எப்படி இடிப்பது என்று அவனுக்கு இந்தியில் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்.