மூடியில் அப்பிய சந்தனம்

ராஜபாளையத்தில் வாடகைக் கார் ஓட்டியவர்கள் அன்றைக்கு மொத்தமே நாலு பேர். வண்டிச் சத்தத்தைக் கேட்டே அதன் வியாதியைச் சொல்லக்கூடியவன் அதில் நான் ஒருவன்தான். அப்படிச் சொல்லித் திரிந்தவனும் நான் ஒருவன்தான்.

முக்கால்வாசி நேரம் நான் சொன்னது ஒரே வியாதி: பிளக்கில் கரி. என் பழைய வண்டி குடிக்கிற எண்ணெய்க்குப் பிளக்கில் கரி பிடிக்காத நாளே கிடையாது. அதனால் என் ஜோசியம் பெரும்பாலும் பலித்தது. பலிக்காத நாளிலும் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டுவதற்குள் எஞ்சின் ஆறிவிடும், வண்டி தானே கிளம்பிவிடும். பேர் எனக்கு.

அந்த வண்டியில் பெட்ரோல் டாங்கி முன்கண்ணாடிக்குக் கீழே, எஞ்சினை ஒட்டி உயரத்தில் இருக்கும். பம்பு கிடையாது, பெட்ரோல் தானாக இறங்கி ஓடும். டாங்கி மூடி வெளியே தெரிகிற மாதிரி வெள்ளிக் கிண்ணம் போல மின்னும். ஒரு ஆயுத பூஜைக்கு வண்டியைக் குளிப்பாட்டி, விளக்கு, ஹாரன், சக்கரம் எதையும் விடாமல் பொட்டு வைத்தேன். அந்த மூடிக்கு மட்டும் தனி மரியாதையாகச் சந்தனத்தைக் கனமாக அப்பி நடுவில் குங்குமம் இட்டேன். மூடியில் ஒரு சின்னத் துளை உண்டு. பெட்ரோல் இறங்க இறங்க டாங்கிக்குள் காற்றுப் போக அதுதான் வழி. அது அடைத்தால் பெட்ரோல் இறங்காது. இது தெரியாமல் அப்பியிருந்தால் மன்னிக்கலாம். எனக்குத் தெரியும்.

மறுநாள் மத்தியானம் செட்டியார்பட்டியில் இருந்து மில் தொழிலாளி ஒருவன் சைக்கிளில் வந்து நின்றான். அவன் பெண்டாட்டிக்கு முந்தின நாள் காலையில் பிடித்த வலி. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, இனி என்னால் ஆகாது, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாளாம். அவன் வீட்டுக்குப் போய், அந்தப் பெண்ணைப் பின் சீட்டில் மருத்துவச்சியின் மடியில் கிடத்திக்கொண்டு புறப்பட்டோம். புருஷன் என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

ராஜபாளையத்தைத் தாண்டியதும் வண்டி இரண்டு முறை இருமி நின்றது.

“என்னய்யா, நின்னுட்டு?” என்றாள் மருத்துவச்சி.

“பிளக்கு, ஆச்சி. செத்த நேரம் பொறுங்க.”

பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தேன். அரை டாங்கி இருந்தது. மூடியை அடைத்துவிட்டு, நாலு பிளக்கையும் கழற்றிச் சுரண்டி மாட்டினேன். வண்டி கிளம்பியது. மூடியைத் திறந்தபோது உள்ளே போன காற்றுதான் அதைக் கிளப்பியது. நானோ, “பாத்தியளா?” என்று பின்னால் திரும்பிக் கேட்டேன்.

இரண்டு மைலில் மறுபடி நின்றது. மறுபடி குச்சி, மறுபடி பிளக்கு.

“பிள்ளைய எடுக்கக் கொண்டுபோன்னா, நீ வண்டிக்கு வயித்தக் கிழிச்சுட்டு நிக்கியே!” என்றாள் மருத்துவச்சி.

புருஷன் தயங்கித் தயங்கி என் பக்கத்தில் வந்தான். “அண்ணே, மூடியத் திறக்கயில புஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருதே, அது என்னது?”

“ஏலே, நீ மில்லுல நூலு அறுந்தாப் பாரு. இது எங்கூடப் பேசுற வண்டி.”

அவன் போய் உட்கார்ந்துகொண்டான். அவனுக்குப் பதிலாக நான் மில்லுக்கும் அவன் வண்டிக்கும் போயிருக்கலாம்.

மூன்றாவது தடவை நின்றபோது ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் கண்ணுக்குத் தெரிந்தது. அதுவரை வலியில் கத்திக்கொண்டே வந்த பெண் அங்கே கத்துவதை நிறுத்தினாள். மருத்துவச்சி, “சேசு மரி சூசை, சேசு மரி சூசை” என்று ஜெபித்து அவள் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள். நான் மறுபடி மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்து, துடைத்த பிளக்கையே மூன்றாம் முறை துடைத்தேன். அதில் கரி இல்லை. கை தவறி ஒன்று மண்ணில் விழுந்ததால், துடைக்க உண்மையாகவே ஏதோ கிடைத்தது.

ஒருவழியாக ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். அவளை உள்ளே தூக்கிப் போனார்கள். சும்மா நிற்க முடியாமல் வண்டியைத் துடைக்க ஆரம்பித்தேன். மூடியைத் திருகினேன். புஸ்ஸென்றது. எடுத்துப் பார்த்தால் சந்தனம் காரை பூசின மாதிரி காய்ந்து இறுகிக் கிடந்தது. துளை இருந்த இடமே தெரியவில்லை. வேட்டி முனையைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, ஊசியால் குத்தினேன். துளை திறந்துகொண்டது. இவ்வளவு வேலைதான். வெற்றிலை மடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

வெகுநேரம் கழித்து மருத்துவச்சி வெளியே வந்தாள்.

“தாய் பொழச்சுக்கிடுவா. பொம்பளப் பிள்ளை. போயிட்டு. முக்கா மணி நேரம் முன்னால வந்திருந்தா அழுதிருக்கும்னு சொல்லுதாவ.”

என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடக்கம் செய்ய ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். மருத்துவச்சி தாய்க்குத் துணையாக அங்கேயே தங்கிவிட்டாள். பிள்ளையை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு புருஷன் மறுபடி என் பக்கத்தில் உட்கார்ந்தான். வண்டி அன்றைக்கு ஓடின மாதிரி அதற்கு முன்னும் ஓடியதில்லை, பின்னும் ஓடியதில்லை. ஒரு இருமல் கிடையாது. எங்கேயாவது ஒரு தடவை நின்றுவிடாதா என்று நான் வேண்டிக்கொண்டே ஓட்டினேன்.

ராஜபாளையம் தாண்டியதும் அவன் கேட்டான். “இப்ப நல்லா ஓடுதேண்ணே?”

“ம்.”

“அப்ப பிளக்குதானா?”

வாய் வரை வந்தது. சொல்லியிருக்க வேண்டும். “பிளக்குதான்” என்றேன்.

“நீங்களும் எம்புட்டுப் பாடுபட்டிய, பாவம்.”

செட்டியார்பட்டியில் அவன் வீட்டு முன்னால் நிறுத்தி, இறங்கிச் சுற்றி வந்து கதவைத் திறந்துவிட்டேன். தெருவில் ஆட்கள் கூடிவிட்டார்கள். அவன் இறங்கி, என் முன்னால் நின்று, மடியில் இருந்ததை இரண்டு கையாலும் நெஞ்சோடு தூக்கிப் பிடித்துக்கொண்டான்.

“கும்பிடக் கை ஒழியலண்ணே. ஒண்ணும் நினைச்சுக்கிடாதிய” என்றான்.